ஆளில்லாத கீபோர்டு

மேற்கு மலையிலிருந்து காற்று இறங்கி வந்து தறிச்சத்தத்தையே தின்றுவிடுகிற ஆனி மாசத்தில் ஒரு காலை, ஆலடிப்பேட்டைக் கடைவீதியில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்த வெள்ளத்துரை, ஒரு கையில் அரிவாளும் மறு கையில் பாதி சீவின இளநீருமாக, பின்னால் நடக்கத் தொடங்கினான். வேட்டியை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி நாலு எட்டு, அப்புறம் நின்ற இடத்திலேயே ஒரு துள்ளல், வலது பக்கமாக ஒரு ஒதுங்கல், மறுபடி பின்னால், மறுபடி ஒரு துள்ளல் என்று பழக்கடையைத் தாண்டி, செருப்புத் தைக்கிற இடத்தைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டு சுவரில் முதுகு போய் முட்டுகிற வரைக்கும் போனான். முட்டின பிறகும் கால் நிற்காமல் சுவரோடு நடந்துகொண்டே இருந்தது. இளநீருக்குக் காத்து நின்ற வாத்தியார், "சீவுனதைக் குடுத்துட்டுப் போயேம்டே" என்று கத்தினாரே தவிர, ஏன் போகிறாய் என்று அவரும் கேட்கவில்லை. காற்றுக் காலத்தில் ஆலடிப்பேட்டையில் கூரை போகும், கொடியில் காய்ந்த சேலை பக்கத்து ஊருக்குப் போகும், ஒரு ஆள் போனதில் என்ன இருக்கிறது.

அந்த நேரத்தில் தாலுகா ஆபீசுக்கு எதிரே, வீட்டோடு சேர்ந்த தன் கடையில் ஆவுடைத்தாய் புதுக் கீபோர்டில் முதல் மனுவை அடித்துக்கொண்டிருந்தாள். பட்டா மாற்ற வேண்டியவர்கள், உதவித்தொகை நின்றுபோனவர்கள், வாசலில் சாக்கடை தேங்குகிறவர்கள் எல்லாரும் அவள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அழுவதை அழுது, திட்டுவதைத் திட்டி முடித்தால், அதில் ஆபீசருக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்து அடித்துக் கொடுப்பாள். பகலில் அந்தக் கம்ப்யூட்டர் அவளுக்கு. சாயங்காலம் அவள் புருஷன் சுடலைக்கண்ணுக்கு. லாரி ஓட்டின மனுஷன். மலைப்பாதையில் லாரி உருண்டபோது இடுப்புக்கு மேலே மட்டும்தான் தன்னைக் காப்பாற்றினார்கள் என்று அவனே சிரித்துக்கொண்டு சொல்வான். சக்கர நாற்காலியை மேசைக்கு நெருக்கி உட்கார்ந்து ஒரே ஒரு ஆட்டம்தான் ஆடுவான். அந்த ஆட்டத்தில் துப்பாக்கி வைத்திருக்கிற ஒருத்தன் காடும் மலையும் ஆறுமாக நடந்துகொண்டே இருப்பான், எதிரே வருகிறவனைச் சுடுவான், சில நேரம் இவனே சுடப்பட்டுச் செத்து மறுபடி எழுந்து வருவான். "சுடுறதுக்கா நான் ஆடுதேன்? நடக்கிறதுக்கு ஆடுதேம்ட்டி" என்று சுடலைக்கண் ஒருநாள் சொன்னதை ஆவுடைத்தாய் யாரிடமும் சொன்னதில்லை.

பழைய கீபோர்டில் காற்றோடு வந்த செம்மண் ஏறி, அமுக்கின பொத்தான் எழும்பாமல் போய்விட்டது. முந்தின நாள்தான் இரண்டு பேரும் சேர்மக்கனி அண்ணாச்சி கடைக்குப் போயிருந்தார்கள். அண்ணாச்சி கடையில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அதில் மாட்டித் தட்டிப் பார்க்காமல் ஊரில் ஒருத்தரும் ஒரு சாமானும் வாங்க மாட்டார்கள். அன்றைக்குக் கரண்ட் இல்லை. வாசல் வெளிச்சத்தில் பெட்டிகளைப் பிரித்து மடியில் வைத்து வெறுமனே தட்டிப் பார்த்தார்கள்.

"லாரி கியர் மாதிரி விழணும் அண்ணாச்சி. விரல் வெச்சா விழுந்தது விரலுக்குத் தெரியணும். மவுசும் கொஞ்சம் கனமா இருக்கணும், காத்துல பறக்கக்கூடாது" என்றான் சுடலைக்கண்.

"பகலெல்லாம் தட்டுறவ நானு. எனக்கு மெத்துன்னு இருக்கணும், சத்தம் வரக்கூடாது. சத்தம் கேட்டா மனு சொல்ல வந்தவன் பாதிக் கதையை மறந்துபோறான்."

"புருஷனுக்கு ஒண்ணு, பொண்டாட்டிக்கு ஒண்ணு வாங்கிட்டுப் போங்களேன்" என்றார் அண்ணாச்சி.

"வீட்டுக்கு ரெண்டு அடுப்பு வைக்கச் சொல்லுதீங்களோ?" என்றாள் ஆவுடைத்தாய்.

கடைசியில் இரண்டுக்கும் நடுவாக, விழுவது தெரிந்தாலும் சத்தம் போடாத ஒன்றை எடுத்தார்கள். அதன் கூடவே கறுப்பில் ஒரு மவுஸ். வீட்டுக்கு வந்ததும் புது லாரிக்குச் செய்கிற மாதிரி சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்து, மவுசின் முதுகிலும் ஒரு பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினாள்.

அந்தக் கீபோர்டுதான் வெள்ளத்துரையை நடத்தியது. கண்டுபிடித்தவள் பூக்காரி சிதம்பரவடிவு. இவள் கடைக்கும் அவன் வண்டிக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறவள். ஆவுடைத்தாய் டீ குடிக்கக் கையை எடுத்தாள், அவன் நின்றான். டம்ளரை வைத்துவிட்டுத் தட்டினாள், அவன் நடந்தான். "ஏட்டி ஆவுடை, நீ தட்டுனா அவன் காலு நடக்கு. சந்தேகமா இருந்தா நிறுத்திப் பாரு" என்றாள், பூ கட்டுகிற விரல் நிற்காமலே. ஆவுடைத்தாய் நிறுத்தினாள். ஒரு பொத்தானைத் தொட்டாள். பஸ் ஸ்டாண்டு சுவரோரத்தில் வெள்ளத்துரை துள்ளினான். அவள் கையைத் தீயிலிருந்து எடுக்கிற மாதிரி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். ஆட்டத்துக்காரனை முன்னால் நடத்துகிற பொத்தான்தான் தமிழ் அடிக்கையில் ஈ. பின்னால் நடத்துவது இ. இடது பக்கம் ஒதுக்குவது அ, வலது பக்கம் உ. வார்த்தைக்கு வார்த்தை இடம் விடுகிற நீளப் பொத்தானைத் தட்டினால் ஆட்டத்தில் அவன் துள்ளுவான். ஒரு மனுவில் ஈ எத்தனை வரும், இ எத்தனை வரும் என்று அதுவரைக்கும் யாரும் யோசித்ததில்லை. வெள்ளத்துரை காலையெல்லாம் பின்னால் போனான். மனு நீண்டால் தேர் நிற்கிற தேர்முட்டி வரைக்கும் போனான். சாயங்காலம் சுடலைக்கண் ஆட்டத்தில் உட்கார்ந்தால் முன்னால் வந்தான். மவுசை அசைத்தால் அவன் கழுத்து திரும்பியது, அமுக்கினால் அவன் வலது கை ஓங்கி இறங்கியது.

ஊர் இதற்கு ஒத்துப்போக அதிக நாள் எடுக்கவில்லை. காலையில் மனு அடிக்கிற நேரம் கடைவீதியில் சைக்கிள் நிறுத்தக்கூடாது என்று தறிக்காரர்களே சொல்லிக்கொண்டார்கள். வெள்ளத்துரை முதுகில் அவன் பெண்டாட்டி ஒரு தலையணையைக் கட்டிவிட்டாள். சாயங்காலம் ஆட்டம் தொடங்குகிறதுக்கு முன்னால் ஆவுடைத்தாய் வாசலில் நின்று எவர்சில்வர் தட்டைத் தட்டுவாள். தட்டுச் சத்தம் கேட்டதும் அவன் அரிவாளைச் சிதம்பரவடிவின் பூக்கூடைக்கு அடியில் வைத்துவிட்டு, தடுக்கி விழ ஒன்றும் இல்லாத சந்தைத் திடலுக்குப் போய் நின்றுகொள்வான். புதுக் கீபோர்டு எடுத்துத் தருகிறேன் என்று ஆவுடைத்தாய் கையைக் கூப்பினபோது அவன்தான் வேண்டாம் என்றான்.

"மைனி, லாரி ஓடுன காலத்துல அண்ணன் என் இளநியை எல்லாம் சும்மாதான ஏத்திட்டு வந்தாக. சாயங்காலம் வியாபாரமும் கெடையாது. கொஞ்ச நேரம் என் காலுல நடந்துட்டுப் போகட்டும். அரிவாளை மட்டும் பாத்துக்கிடுங்க."

சுடலைக்கண் அதைக் கேட்டு முகத்தைத் திரை பக்கம் திருப்பிக்கொண்டான். அப்புறம் ஆட்டத்தில் சுடுகிறதை விட்டுவிட்டான். யாரும் இல்லாத காட்டுப்பாதையாகப் பார்த்துப் பார்த்து நடத்துவான். திடலில் வெள்ளத்துரை நடப்பான், சில நேரம் ஓடுவான். ஓடும்போது நாற்காலியில் இருக்கிற சுடலைக்கண்ணுக்கு மூச்சு வாங்கும். கடை வாசலில் நின்றால் திடலும் தெரியும், திரையும் தெரியும். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆவுடைத்தாய்க்கு மட்டும் ஒரு பயம் விடவில்லை. அந்த ஆட்டத்தில் செத்தும் போவார்களே, அதை யாரும் பேசவில்லையே என்பது அது.

காற்று ரொம்ப அடித்த ஒரு சாயங்காலம் அது வந்தது. திரையில் மரத்துக்குப் பின்னாலிருந்து எவனோ சுட்டான். ஆட்டத்துக்காரன் மல்லாக்க விழுந்தான். திடலில் வெள்ளத்துரை மெதுவாக உட்கார்ந்து, அப்புறம் பக்கவாட்டில் சாய்ந்து படுத்தான். "செத்துட்டானா? சரி, எழுப்பு எழுப்பு" என்று வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். சுடலைக்கண் மறுபடி தொடங்குகிற இடத்தை அமுக்கப் போன அதே நேரத்தில், மேற்கே எங்கேயோ மரம் விழுந்து கரண்ட் போனது. திரை இருண்டது.

சிதம்பரவடிவு அவன் மூக்கில் விரலை வைத்தாள். வைத்த விரலை எடுக்கவே இல்லை. "மூச்சு இல்ல" என்றாள். கத்தவில்லை. பூவுக்கு விலை சொல்கிற குரலில்தான் சொன்னாள். அதனால்தான் எல்லாருக்கும் அது காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு ஆலடிப்பேட்டையில் ஓடாதவர்கள் இல்லை. கல்யாண மண்டபத்தில் நிச்சயதார்த்தப் பந்தி நடந்துகொண்டிருந்தது. எச்சில் கையோடு எழுந்து வந்த மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் மண்டபத்து ஜெனரேட்டரின் சங்கிலியைப் பிடித்து இழுத்தார்கள். தறிக்காரர்கள் பின்னால் தள்ளினார்கள். எதிர்காற்று அவர்களை ஒரு எட்டு முன்னால் விட்டால் அரை எட்டு பின்னால் தள்ளியது. வெள்ளத்துரை பெண்டாட்டி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "இந்தா வந்துருச்சு, இந்தா வந்துருச்சு" என்று அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைக்குள் இருட்டில் சுடலைக்கண் பொத்தானில் வைத்த விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். ஆவுடைத்தாய் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஜெனரேட்டர் உறுமியது. திரை வெளுத்தது. கம்ப்யூட்டர் தன் அவசரத்துக்குத்தான் எழுந்தது. ஒரு வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, ஊரே அந்த வட்டத்தை நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தது. அப்புறம் ஆட்டம் வந்தது. சுடலைக்கண் அமுக்கினான். திரையில் ஒருத்தன் எழுந்தான். திடலில் வெள்ளத்துரை இருமிக்கொண்டு எழுந்தான்.

நேரே நடந்து கடைக்கு வந்து சுடலைக்கண் முன்னால் நின்றான்.

"அண்ணே, அங்க இருட்டாக்கூட இல்ல. இருட்டு இருந்தாலாவது பரவால்ல."

அவ்வளவுதான் சொன்னான். கீபோர்டையும் மவுசையும் தானே கழற்றி மடியில் கட்டிக்கொண்டு அண்ணாச்சி கடைக்குப் போனான். அண்ணாச்சி வாசலிலேயே கையை நீட்டித் தடுத்தார். "பொட்டு வெச்ச சாமானைத் திருப்பி எடுக்க மாட்டேன்டே. பூசை போட்டாச்சுன்னா அது கடைச் சரக்கு இல்ல, வீட்டுப் பிள்ளை." அதனால் அவனே வீட்டுக்குக் கொண்டுபோய், டிரங்குப் பெட்டியில் பெண்டாட்டியின் கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினான். பெட்டியின் மேலே ஆட்டுக்கல்லைத் தூக்கி வைத்தான்.

அதோடு போயிருந்தால் கதை வேறு மாதிரி. ஆனால் ஊருக்கு மனு வேண்டும். சுடலைக்கண்ணோ ஆட்டமே வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தவன், சாப்பாட்டுக்கும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. மலைப்பாதையில் லாரி உருண்ட பிறகுகூட அவன் சோற்றைத் தள்ளி வைத்ததில்லை. ஆவுடைத்தாய் தட்டோடு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகாத கீபோர்டு ஒண்ணு இருக்காதா உலகத்துல? ஒரு நாள் தேடிப் பாப்போம், எனக்காக வாங்க" என்று கெஞ்சி அவனை மறுபடி நாற்காலியில் ஏற்றினாள். இவனை இழந்துவிடுவோமோ என்ற பயம் ஒரு கையையும், இன்னொருத்தனை விழ வைத்துவிடுவோமோ என்ற பயம் மறு கையையும் பிடித்து இழுக்க, அவள் அந்த நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கடைவீதியில் போனாள்.

அண்ணாச்சி கடையில் இருந்த கீபோர்டுகளை ஒவ்வொன்றாக மாட்டினார்கள். முதலில் மாட்டினதை ஒரு தட்டுத் தட்டினபோது மாவு மில்லிலிருந்து மில்காரர் வெள்ளை வெளேரென்று பின்னால் நடந்து வந்தார். அதைக் கழற்றி அடுத்ததை மாட்டினால் பாங்கில் காசு எண்ணுகிற அம்மா எண்ணிக்கொண்டே வெளியே வந்தாள். அடுத்ததற்கு வாத்தியார் துள்ளினார். நேரே கடைக்கு வந்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "அதை எனக்குக் கட்டுங்க அண்ணாச்சி" என்றார்.

"உங்க வீட்டுல கம்ப்யூட்டர் இல்லியே சார்."

"அதனாலதான் கேக்கேன். என் காலு என் வீட்டுல இருக்கட்டும்."

அப்போதுதான் ஊருக்குப் புரிந்தது. ஆவுடைத்தாய் ஏதாவது ஒன்றை எடுத்துவிடுகிறதுக்குள் அவரவர் காலை அவரவர் வாங்கிவிட வேண்டும். கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்திராதவர்கள் கீபோர்டு வாங்க வரிசையில் நின்றார்கள். வயல்வேலைக்குப் போகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து, "என்னுது எதுன்னு ஒரு தடவை தட்டிப் பாருங்கண்ணாச்சி" என்று வெயிலில் காலை அகட்டி நின்றார்கள். அண்ணாச்சி பெட்டி பெட்டியாகத் தருவித்தார். வந்த பெட்டிகளில் இந்த ஊர் ஆட்களின் கால்களே இருந்தன, எப்படி என்று பெட்டிக்காரனைக் கேட்க யாருக்கும் நேரமில்லை. மாமியார் கீபோர்டை வாங்கிவிட்டுத் தராமல் வைத்துக்கொண்ட மருமகள்கள் உண்டு. குடிக்கப் போகிற புருஷனின் கீபோர்டை, சைக்கிள் கடையில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவரிடம் எடுத்துப் போய், "வாசலுக்கு வார வரைக்கும் முன்னால அமுக்குங்க" என்று கேட்டவளும் உண்டு. ஆனால் சிரித்தவர்கள்கூட ராத்திரி அதைத் தலைமாட்டில் வைத்து, கை அதன் மேலே இருக்கத்தான் தூங்கினார்கள். சிதம்பரவடிவு தன்னுடையதைப் பூக்கூடையில் ஈரத்துணி சுற்றி வைத்திருந்தாள். கூட்டத்தில் யாராவது இடித்துவிட்டால் முதலில் கூடையைத்தான் தொட்டுப் பார்ப்பாள்.

"தென்காசில போயி ஒண்ணு வாங்கிட்டு வந்துரேன் தாயி. இங்க உள்ள காலை ஏன் தொடணும்?" என்றார் மில்காரர்.

"அங்க உள்ளவன் காலு மட்டும் காலு இல்லையா அண்ணாச்சி?" என்றாள் ஆவுடைத்தாய். அவர் தன் கீபோர்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனார்.

கடைசியில் அண்ணாச்சி கடையில் ஒரே ஒரு பெட்டி மிஞ்சியது. அதைப் பிரிக்க அண்ணாச்சிக்கே கை வரவில்லை. அதற்குள் ஊரில் எல்லாருக்கும் அவரவருடையது கிடைத்துவிட்டது, அண்ணாச்சி உள்பட. கிடைக்காதவள் ஆவுடைத்தாய் ஒருத்திதான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். "என்னுதா இருந்துட்டா நல்லதுதான். என் காலை நானே அடிச்சுக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கம்ப்யூட்டர் மேசைக்கு முன்னால் நின்று ஈயை அமுக்கினாள்.

அவள் கால் நகரவில்லை.

மறுபடி அமுக்கினாள். இ, அ, உ, நீளப் பொத்தான் எல்லாம் அமுக்கினாள். கடைக்குள் இருந்தவர்கள் அவரவர் காலைப் பார்த்துக்கொண்டார்கள், வெளியே ஓடிப்போய் வீதியைப் பார்த்தார்கள், வீதி முழுக்க ஆட்கள் அவரவர் நடையில் போய்க்கொண்டிருந்தார்கள். "ஒருத்தரும் அசையல!" என்று யாரோ கூவினார்கள். சேர்மக்கனி அண்ணாச்சி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஆளில்லாத கீபோர்டு தாயி. உனக்குன்னே வந்திருக்கு" என்றார். மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சுடலைக்கண் பல வாரத்துக்குப் பிறகு அன்றைக்குச் சிரித்தான். இடுப்பிலிருந்து பாதம் வரை போர்வை மூடியிருந்தது. அத்தனை பேர் காலையும் எண்ணின ஊர், அந்தப் போர்வைக்குள் இருந்த காலை எண்ணவில்லை. நிற்கிற வண்டியை யார் போக்குவரத்தில் சேர்ப்பார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் தட்டுத் தட்டவில்லை. தட்ட வேண்டியதில்லை என்பதே அவளுக்குப் பண்டிகை மாதிரி இருந்தது. சுடலைக்கண் போர்வையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பழைய மவுசை எடுத்து மாட்டிக்கொண்டு ஆட்டத்தில் உட்கார்ந்தான். யார் உயிரும் கையில் இல்லை என்பதால் காட்டுப்பாதையை விட்டுவிட்டு, முன்பு மாதிரி சண்டைக்குள் இறங்கினான். அவள் சந்தனக்கிண்ணத்தையும் குங்குமத்தையும் எடுத்து வந்தாள். கையிலிருந்து குங்குமச் சிமிழ் உருண்டு மேசைக்கு அடியில் போனது. எடுக்கக் குனிந்தாள்.

மேசைக்கு அடியில் அவன் பாதங்கள் நடந்துகொண்டிருந்தன.

தரையைத் தொட்டும் தொடாமலும், ஒன்றன்பின் ஒன்றாக. மேலே அவன் ஓடவிட்டபோது அவை வேகம் எடுத்தன. துள்ளவிட்டபோது இரண்டு குதிகாலும் சேர்ந்து தரையில் தட்டின. அந்தக் கால்களில் சூடு வைத்தாலும் தெரியாது. அவன் திரையைப் பார்த்துக்கொண்டு, "வாலே, வா, வந்து பாரு" என்று எதிரியிடம் பேசிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. மேலே துப்பாக்கிச் சத்தம் கேட்டது. வெளியே காற்று தகரத்தைப் பிடித்து அடித்தது. விளக்கு ஒரு தடவை மங்கி, மறுபடி எரிந்தது.

ஆவுடைத்தாய்க்குக் கத்த வரவில்லை. இருட்டாக்கூட இல்ல என்று சொன்னவனின் முகம்தான் வந்தது. எழுந்து அவன் கையைத் தட்டிவிட்டு, நாற்காலியை மேசையிலிருந்து தள்ளி, கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

"என்னட்டி செய்யுத? செத்துருவேன்!"

"சாகமாட்டீங்க, சாகவிட மாட்டேன்" என்றாள். எந்தப் பக்கம் யார் சுடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ஈயும் இயும் அவும் உவும்தான். ஈயை அமுக்கிப் பிடித்தாள். ஆட்டத்துக்காரன் புகையைக் கிழித்துக்கொண்டு ஓடினான். பாறைகளைத் தாண்டி, சத்தம் பின்னால் தேய்ந்து தேய்ந்து நின்று, புல் மட்டும் காற்றில் ஆடுகிற ஒரு மேட்டுக்கு வந்தான். அப்போது அவளுக்குப் பக்கத்தில் நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் முட்டுகிற சத்தம் கேட்டது.

சுடலைக்கண் நின்றுகொண்டிருந்தான்.

நின்றதோடு இல்லை, வாசலைப் பார்த்து நடந்தான். கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, யாருடைய காலோ என்று குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தான். படியைத் தாண்டினான். வீதியில் இருந்தவர்கள் பேச்சை விட்டுவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கினார்கள். சிதம்பரவடிவு எழுந்து நின்று பூக்கூடையை மார்போடு அணைத்துக்கொண்டாள். வெள்ளத்துரை இளநீர் வண்டியைப் பிடித்தபடி, "அண்ணே… உங்க சொந்தக் காலா அண்ணே?" என்றான்.

"விடாத ஆவுடை! விரலை எடுத்துராத!" சுடலைக்கண்ணின் குரல் வெளியே இருந்து வந்தது, அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியாத குரல். "தேர்முட்டி வரைக்கும். ஒரே ஒரு தடவை."

அவள் திரையைப் பார்த்தாள். மேடு முடிந்துபோயிருந்தது. புல்லுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. ரொம்பக் கீழே ஒரு ஆறு நூல் மாதிரி கிடந்தது. வாசலுக்கு வெளியே மட்டமான தார் ரோடு, திரையில் பள்ளம். அவனுக்கு ரோடுதான் தெரிந்தது. விளக்கு மறுபடி மங்கியது.

"இன்னும் ஒரு எட்டு!" என்றான் வெளியே.

அவள் ஈயை விட்டாள். இயை அமுக்கினாள்.

வீதியைப் பார்த்தபடியே அவன் பின்னால் வந்தான். கையை முன்னால் நீட்டி, போன இடமெல்லாம் தன்னை விட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டே, படியேறி, மேசையைத் தாண்டி, சுவரோரத்து நாற்காலியில் முழங்காலின் பின்பக்கம் இடித்து உட்கார்ந்தான். "பாவி, ஏன்ட்டி இழுத்த?" என்று திரும்பினவன் திரையைப் பார்த்தான். பள்ளத்தின் விளிம்பிலிருந்து பத்துப் பதினைந்து எட்டு தள்ளி அவனுடைய ஆள் நின்றுகொண்டிருந்தான். லாரி உருண்ட பாதையிலும் கீழே இப்படித்தான் ஒரு ஆறு தெரியும்.

"இந்த ஆட்டத்தை அழிச்சிரு" என்றான்.

"அழிச்சா அதுவும் சாவுக் கணக்குல வந்துட்டா?"

வைத்திருந்தால் என்றைக்காவது ஒருநாள் கை தவறும். அழித்தால் இப்போதே தெரிந்துவிடும். அவள் ஒரு கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்து நாடி துடிக்கிற இடத்தில் விரலை அழுத்திக்கொண்டு, மறு கையால் மவுசைத் தொட்டாள். அமுக்கினாள். காடு போனது, மலை போனது, புல்மேட்டில் நின்றவன் போனான். அவள் விரலுக்கு அடியில் துடித்தது. நின்ற மாதிரி இருந்தது. மறுபடி துடித்தது. துடித்துக்கொண்டே இருந்தது.

அப்புறம்தான் குங்குமம் வைத்தாள். இனி யாரும் திருப்பி வாங்க முடியாதபடி, கீபோர்டின் நெற்றியில் பெரிய பொட்டாக வைத்தாள்.

மறுநாள் காலையில் முதல் மனு குடிதண்ணீர்க் குழாய் கேட்டு. ஸ்டூலில் இருந்த பெண் சொல்லி முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆவுடைத்தாய் பொத்தான் மேலே விரலை வைத்தும் அடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். பின்னால் சுடலைக்கண் நாற்காலியிலிருந்து கைப்பலத்தில் எழும்பி, இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றான். "நான் பிடிச்சிட்டேன், நீ அடி" என்றான். கொஞ்சம் பொறுத்து, "ஈ நெறைய வாற மாதிரி பாத்து அடிட்டி" என்றான்.

அவள் அடித்தாள். முதுகுக்குப் பின்னால் ஒரு செருப்பு இடது பக்கம் ஒதுங்கியது. அப்புறம் பின்னால் ஒரு எட்டு, அப்புறம் வலது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது, பார்க்காமல் இருக்கவும் பயமாக இருந்தது. முதல் வார்த்தை முடிந்தது. இடம் விட வேண்டிய பொத்தானில் கட்டைவிரல் போய் நின்றது. துள்ளினால் விழுவானே என்று அதை அமுக்காமல் அடுத்த வார்த்தையை ஒட்டியே அடித்தாள்.

அன்றையிலிருந்து ஆலடிப்பேட்டை மனுக்களில் வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டித்தான் வரும். தாலுகா ஆபீசில் புதிதாக வருகிறவர்கள் எரிச்சல்படுவார்கள், பழையவர்கள் பழகிவிட்டார்கள். எங்கேயாவது ஒரு மனுவில் அபூர்வமாக இரண்டு வார்த்தைக்கு நடுவில் இடம் இருந்தால், அந்த இடத்தில் ஆவுடைத்தாய் திரும்பிப் பார்த்திருக்கிறாள், அவன் கம்பியை நன்றாகப் பிடித்திருக்கிறான் என்று அர்த்தம்.